செவ்வாய்க்காரனுக்குப் போர்த்திய கம்பளி

1

பதுளையில் படம் காட்டிய அந்தக் கூடாரத்துக்குள் எங்கள் வீட்டிலிருந்து மூன்று பேர் இருந்தோம்: அய்யா, தங்கை அஞ்சலை, நான். எங்களுக்கு முன்னால் போட்டிருந்த பெஞ்சிகளில் பள்ளிக்கூடத்துச் செல்லையா வாத்தியாரும் என் வகுப்புப் பையன்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குள் பதுளைக் கடைவீதி ஜவுளிக்கடைக்காரர் மகன் காசிமும் ஒருவன். ஆத்தா வரவில்லை. என் பெரியண்ணன் சடையனும் இல்லை.

ஆத்தா வராததற்குக் காரணமே அண்ணன்தான். சில வருஷங்களுக்கு முன்னால், சம்பளம் போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, எண்ணெயும் கருவாடும் வாங்கப் பதுளைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பினாங்குப் பட்டணத்தின் வர்ணப்படம் ஒன்றை விரித்துக் காட்டி ஆள் சேர்த்துக்கொண்டிருந்த ஒரு தரகனோடு போய்விட்டான் என்று கடைவீதியில் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். அதற்குப் பிறகு கடுதாசி இல்லை, ஆள் மூலமாகவும் ஒரு சொல் இல்லை. அன்றிலிருந்து, தேயிலைத் தோட்டத்தில் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்கள் அறையை ஆத்தா பூட்டியதில்லை. எல்லோரும் ஒன்றாக வெளியே போகிற நாள் வந்தால் அவள் மட்டும் நின்றுவிடுவாள். "அவன் வர்ற அன்னைக்குன்னு பாத்து வீட்டுல யாரும் இல்லாமப் போயிரக்கூடாது" என்பாள். வேலைக்குப் போகும் நாட்களில் பக்கத்துக் காம்பிராவில், அதாவது பக்கத்து அறையில், இருக்கும் கிழவியிடம் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

இதைப் படிக்கிற முசிறிப் பக்கத்து உறவுக்காரர்களுக்கு இலங்கையில் நாங்கள் என்ன படிக்கிறோம், எப்படி இருக்கிறோம் என்று எழுதச் சொல்லி இந்தச் சஞ்சிகைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். ஐந்து வயதில் கப்பலேறி வந்தவன் நான். எங்கள் வம்சத்தில் எழுத்துக் கற்றவனும் நான் ஒருவன்தான். ஆகையால் பெரிய விஷயங்கள் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இன்று மாட்டுப் பொங்கல். போன வருஷம் இதே மாட்டுப் பொங்கலன்றுதான் அந்தக் கூடாரத்துக்குப் போனோம். வேறெதுவும் எழுத ஓடவில்லை.

2

நான் பதுளையில் தங்கிப் படித்த பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சரித்திரம், கணக்கு, வேதபாடம் எல்லாம் உண்டு. இங்கிலீஷ் வகுப்பில் செல்லையா வாத்தியார் கதைப் புத்தகம் வாசிப்பார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். எனக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவரும் அவரே. போன வருஷம் அவர் எடுத்துக்கொண்டது ஒரு புது மாதிரிக் கதை. சீமையில் ஒரு எஞ்சினியர் இரும்பில் கப்பல் செய்து, அதில் ஏறி ஆகாசத்துக்குள் போய்ச் செவ்வாய் கிரகத்தில் இறங்குகிறார். அங்கே பரந்த நிலம் சும்மா கிடக்கிறது. அங்குள்ள ஜனங்கள் நீண்ட கை உடையவர்கள். பாட்டுப் பாடிக்கொண்டு வெயிலில் படுத்திருக்கிறார்கள். எஞ்சினியர் அவர்களுக்கு வேலை செய்யக் கற்றுக்கொடுக்கிறார்.

"இது பொய்யோ மெய்யோ சேர்?" என்று ஒரு பையன் கேட்டான்.

"பொய்யுமில்லை, மெய்யுமில்லை. இதைச் சாஸ்திரக் கதை எண்டு சொல்லலாம். நடக்கேல்லை. ஆனா நடக்கக்கூடியது. விளங்குதோ?" என்றார் வாத்தியார்.

"அங்க கடை கண்ணி ஈக்கா சேர்?" என்றான் காசிம்.

"போனாப் பிறகு உன்ரை வாப்பா ஒண்டு திறப்பார். இரடா கீழை!"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் கதை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். விளக்குத் திரியைத் தாழ்த்தி வைத்து அந்தப் பக்கங்களை நானே மறுபடி படித்தேன். கப்பலின் கண்ணாடி ஜன்னல் வழியே பூமி ஒரு தோடம்பழம் அளவுக்குச் சுருங்குகிற இடம் வந்ததும் புத்தகத்தை மூடி வைத்தேன். நான் கப்பலில் வந்தபோது அடித்தட்டில் இருந்தேன். ஜன்னல் கிடையாது. கரை எப்போது மறைந்தது என்று எனக்குத் தெரியாது.

கதை முடிந்ததும் வாத்தியார் 'செவ்வாயில் என் முதல் நாள்' என்று ஒரு வியாசம் எழுதச் சொன்னார். காசிம், செவ்வாயில் தன் கடைக்கு எந்தத் திசையில் வாசல் வைப்பான், முதல் நாள் கடன் கொடுக்காமல் எப்படிச் சமாளிப்பான் என்று இரண்டு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கினான். நான் எழுதியது இப்படிப் போயிற்று: விடியுமுன் தப்படித்து எழுப்பினார்கள். பனி இருந்தது. ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்றோம். என் பெயர் கூப்பிட்டார்கள். எந்த மலைக்குப் போக வேண்டும் என்று சொன்னார்கள்.

வாத்தியார் என் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "தம்பி ராமசாமி, இங்கிலீஷ் பிழையில்லை. ஆனா செவ்வாய்க்குப் போயும் பெரட்டே? கொஞ்சம் கற்பனை வேணுமெல்லோ" என்றார்.

கற்பனை குறைவு என்று அடியில் எழுதியும் கொடுத்தார். எனக்கு அவமானமாக இருந்தது. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கற்பனை வராதோ என்று அந்த வாரம் முழுவதும் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனபோது ஆத்தா ஏதோ கேட்க, "ஓம்" என்று சொல்லிவிட்டேன். அஞ்சலை பிடித்துக்கொண்டாள்.

"ஓமாம்ல ஓமு! ஆத்தா, யாழ்ப்பாணத்துத் தொரை வந்திருக்காரு, பலகை போடு."

"சும்மா இருடி. அவன் படிக்கிற புள்ள, அப்புடித்தான் பேசும்."

"படிச்சா 'ஆமா' மறந்துருமா? நாளைக்கி என்னயும் மறந்துருவாரு."

இது விளையாட்டுப் பேச்சு. ஆனால் அய்யா சிரிக்கவில்லை. நான் பேசுவதை அவர் கொஞ்ச காலமாகவே உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

3

அந்தச் சமயத்தில்தான் பதுளைக் குதிரைப் பந்தயத் திடலில் பயாஸ்கோப் கூடாரம் அடித்தார்கள். வெள்ளைத் துணியில் வெளிச்சம் பட்டு மனிதர்கள் நடப்பதையும் ஓடுவதையும் காட்டுகிற வித்தை அது. முசிறிக்கும் இதற்குள் வந்திருக்கலாம். 'செவ்வாய்ப் பிரயாணம்' என்று ஒரு படமும் அதில் உண்டு என்று கேள்விப்பட்டு, பாடத்துக்கு ஒத்தது என்று வாத்தியார் எங்களை அழைத்துப்போக ஏற்பாடு செய்தார். வீட்டாரையும் கூட்டி வரலாம் என்றார். பொங்கலுக்குத் தோட்டத்தில் லீவு. அய்யா வரச் சம்மதித்தது எனக்கே ஆச்சரியம். அவரும் அஞ்சலையும் மலையிறங்கி நடந்து வந்தார்கள்.

பெஞ்சியில் பட்டணத்தார், தரையில் தோட்டத்தார். வகுப்போடு உட்காரச் சொல்லி வாத்தியார் கை காட்டினார். நான் அய்யாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எந்திரத்தைக் கையால் சுற்றினார்கள். மூங்கில் கழியோடு ஒருவர் துணிக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னார். பட்டணத்துப் பேச்சு, மதராஸ்காரராக இருக்க வேண்டும்.

"இதோ பாருங்கோ, சீமையிலே பெரிய சாஸ்திரிமாரெல்லாம் கூடி யோஜனை பண்றா! இதோ பாருங்கோ, வவ்வால் மாதிரி ரெக்கை வைச்ச கப்பல்!"

இருட்டுக்குள் எனக்குப் பின்னால் எங்கள் தோட்டத்து ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

"சாமானெல்லாம் ஏத்துறான் பாருடா. அரிசி ஏத்துறானா?"

"அரிசி எங்க இருக்கு? அது துப்பாக்கி."

"அப்ப அங்க போயி சோத்துக்கு?"

"அட்வான்சு எடுத்துக்குவான். ஒனக்கு என்னத்துக்குக் கவல, ஒன்னயவா கூட்டிட்டுப் போறான்?"

கப்பல் பறந்தது. நட்சத்திரங்கள் அட்டையில் வெட்டி ஒட்டியவை என்று தெரிந்தும் என் மயிர் சிலிர்த்தது. செவ்வாயில் இறங்கிக் கொடி நட்டார்கள். இறகு முளைத்த மனிதர்கள் பாறைகளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சண்டை நடந்தது, புகை வந்தது. பிறகு பிரயாணிகள் அந்த ஜனங்களில் ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் கயிற்றில் கட்டிக் கப்பலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆகாசத்தில் குளிர் போலும், இரண்டு பேரும் நடுங்கினார்கள். கப்பல் தலைவர் நல்ல மனசோடு ஒரு கம்பளியை எடுத்து உதறி அவர்கள் மேல் போர்த்தினார்.

பெஞ்சியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். தரையில் இருந்தவர்களிடமிருந்து "அய்யோ" என்று ஒரு சத்தம் எழும்பியது. ஒருவர் இருவர் அல்ல, அத்தனை பேரும்.

"கம்பளி போத்திட்டான்யா. முடிஞ்சுது."

"கணக்குல ஏறிட்டாங்க."

"பொம்பளைக்கி வேற தனியா எழுதுவான்."

அக்கரையில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. தோட்டத்துக்கு ஆள் வந்து சேர்ந்தால் முதலில் கையில் கொடுப்பது கம்பளி. இந்த மலைக் குளிரில் அது இல்லாமல் முடியாது. ஆனால் அது தானமல்ல. கம்பளி வாங்கிய நிமிஷத்திலிருந்து ஆள் கடன்காரன். அந்தக் கடன் தீருமுன் தோட்டத்தை விட்டுப் போனால் வாரண்டு, சிறை. எங்களைப் பொறுத்தமட்டில் கம்பளி போர்த்துவது என்றால் பெயர் பதிவது.

முன் பெஞ்சியிலிருந்து வாத்தியார் திரும்பிப் பார்த்தார். இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. நான் அவர் முகத்தையும் அய்யா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அய்யா துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். துணியில் ராஜா வந்து பிரயாணிகளுக்குப் பதக்கம் குத்திக்கொண்டிருந்தார். கட்டிக் கொண்டுவந்த இரண்டு பேரை அதற்குப் பிறகு காட்டவே இல்லை.

விளக்கைப் பெரிதாக்கினார்கள். எல்லோரும் எழுந்தார்கள். அய்யா நேராகக் கழிக்காரரிடம் போனார்.

"சாமி, அந்த ரெண்டு பேரயும் எங்கிட்டு வச்சிருக்காங்க?"

"எந்த ரெண்டு பேர்?"

"கம்பளி போத்திக் கூட்டியாந்தாங்களே, புருசன் பொஞ்சாதி."

கழிக்காரர் சிரித்தார். "பெரியவரே, அதெல்லாம் வேஷம் கட்டின மனுஷா. கூத்து மாதிரி. சம்பளத்தை வாங்கிண்டு அவாவா வீட்டுக்குப் போயிருப்பா."

"வீட்டுக்குப் போனத நீங்க பாத்தீங்களா?"

கழிக்காரருக்கு அடுத்த ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது. கழியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பதுளையிலிருந்து மலையேறும் வழியில் பாதி தூரம் நானும் கூடப் போனேன். "அய்யா, அது கதை. நெசமில்ல" என்றேன்.

"கததான்டா. நாங்களும் கதையக் கேட்டுத்தான வந்தோம்" என்றார். பிறகு சிறிது தூரம் நடந்து, "பெரியவனும் படத்தப் பாத்துட்டுத்தான் போனான்" என்றார்.

4

அந்தப் பேச்சோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் சில நாட்களுக்குள் செல்லையா வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, கொழும்பில் உபாத்தியாயர் பயிற்சிக்கு என் பெயரை அனுப்பப் போவதாகச் சொன்னார். இரண்டு வருஷப் படிப்பு. சாப்பாடும் படுக்கையும் அவர்களே தருவார்கள். முடித்தால் சம்பளத்தோடு உத்தியோகம். தகப்பனார் வந்து ஒப்புக்கொண்டு கைநாட்டு வைக்க வேண்டும். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. காசிம் கடையில் இருந்து ஒரு முழு வெள்ளை வேட்டி கொண்டுவந்து, "மச்சான், கொழும்புக்குப் போற ஆள் இத உடுத்துட்டுப் போ. வாப்பா கேட்டா எலி தின்னிட்டுதுண்டு செல்றன்" என்றான்.

அய்யா வந்தார். தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு வாத்தியார் மேசைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. இருவரும் பேசியது தமிழ்தான். ஆனாலும் நான் நடுவில் நின்று மொழிபெயர்ப்பவனைப் போல வேர்த்துக்கொண்டிருந்தேன்.

"எம் மகன எத்தன வருசத்துக்குங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"இரண்டு வருஷம், ஐயா."

"எங்களுக்கு மூணுன்னு சொன்னாங்க. நான் வந்து இவனுக்கு மீச மொளைச்சிருச்சு."

வாத்தியார் சிரித்து, "இது அப்பிடியில்லை. இது படிப்பு. தொழிலில்லை" என்றார்.

"சோறு போடுவீங்களா?"

"ஓமோம், எல்லாம் சும்மா."

அந்த 'சும்மா' என்ற சொல்லில்தான் அய்யாவின் முகம் இறுகியது. சும்மா கொடுக்கிற சோற்றைப் பற்றி அவருக்குத் தெரிந்தது வாத்தியாருக்குத் தெரியாது.

"சரிங்க. அவன் திரும்பி வர்றதுக்கு ஒரு துண்டு எழுதிக் குடுங்க. கைநாட்டு வைக்கிறேன்."

"தோட்டத்துத் துண்டே?" வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "அது கூலியாக்களுக்கெல்லோ ஐயா. உம்முடைய மகன் மாணாக்கன். அவனுக்கு ஏன் துண்டு?"

துண்டு என்பது தோட்டத்துரை கையெழுத்துப் போட்டுத் தருகிற சீட்டு. இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டுகிறவர் இவனை எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் இருக்கும். அது உள்ளவன் ஒரு தோட்டம் விட்டு இன்னொரு தோட்டம் போகலாம், திரும்பியும் வரலாம். அது இல்லாதவனை எந்தத் தோட்டமும் சேர்க்காது. அண்ணன் துண்டு இல்லாமல் போனவன். அவன் பினாங்கில் உயிரோடு இருந்தாலும் இங்கே திரும்பினால் பிடித்துக்கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பயந்துதான் வரவில்லை என்பது அய்யாவின் முடிவு. அவன் நம்மை மறந்துபோனான் என்றோ செத்துப்போனான் என்றோ அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "துண்டு இருந்திருந்தா வந்திருப்பான்" என்பார்.

வாத்தியார் இதையெல்லாம் அறியார். மனம் நோகக்கூடாது என்று மென்மையாகவே பேசினார். அய்யாவும் கும்பிட்டு விடைபெற்றார். கைநாட்டு வைக்கவில்லை.

வாசலில் என்னிடம் சொன்னார்: "நல்ல மனுசன்தான். படத்துல கம்பளி போத்துனானே, அவனும் நல்ல மனுசன்தான்."

5

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சண்டை போடத் தயாராக லயத்துக்குப் போனேன். வழியெல்லாம் வசனம் கட்டிக்கொண்டு போனேன். அறைக்குள் நுழைந்ததும் அய்யா எழுந்து, மூலையில் மடித்து வைத்திருந்த ஒன்றை எடுத்து உதறி என் தோளில் போர்த்தினார். புதுக் கம்பளி. மிஷின் எண்ணெய் வாசனை கூடப் போகவில்லை.

அஞ்சலை அடுப்பங்கரையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அன்று அவள் கேலி பேசவில்லை.

"என்ன பண்ணிட்டீங்க அய்யா?"

"பெரிய கங்காணிகிட்டப் பேசி ஒன் பேரப் பதிஞ்சுட்டேன். செக்ரோல்ல ஏறியாச்சு. இனி ஒனக்கும் துண்டு உண்டு."

பெரிய கங்காணி என்பவர் ஆட்களைக் கூட்டிவந்து, அவர்கள் கடனையும் கணக்கையும் தன் கையில் வைத்திருப்பவர். எங்கள் குடும்பத்தில் தோட்டத்துக் கூலிப் பேரேடான செக்ரோலில் பெயர் இல்லாத ஒருவன் நான்தான். அதற்காகத்தானே இத்தனை வருஷம் மூன்று பேர் கொழுந்து பறித்து என்னைப் பதுளையில் வைத்திருந்தார்கள்.

"நான் கூலி இல்ல அய்யா! படிச்சவன். என்ன ஏன் கட்டிப் போடுறீங்க?"

"கட்டுப்பட்டவனுக்குத்தான்டா திரும்பி வர எடம் இருக்கு. கட்டில்லாமப் போனவன் எங்க இருக்கான்னு சொல்லு பாப்போம்."

"இது கொழும்பு. ரயிலேறினா வந்துருவேன்."

"பினாங்கும் கப்பலேறினா வந்துரலாம்."

ஆத்தா நடுவில் புகுந்தாள். "அடேய், ஒங்கப்பனுக்குத் தெரிஞ்ச கதவு அது ஒண்ணுதான். அதத் தொறந்து வச்சிருக்காரு. கத்தாத."

பிறகுதான் மீதியும் தெரிந்தது. பெயர் பதிவதற்கு அய்யா கம்பளியும் அரிசியும் கொஞ்சம் கைக்காசும் முன்பணமாக வாங்கியிருந்தார். அது சிறிய தொகை. ஆனால் பெரிய கங்காணி, "ஓடிப்போன ஒம் மூத்தவன் கணக்கு அப்புடியே நிக்குது, அதையும் இவன் பேருல ஏத்துறேன்" என்று சொல்லியிருக்கிறார். அய்யா அதற்கு ஒப்புக்கொண்டது மட்டுமல்ல, சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். ஒரே சீட்டில் இரண்டு மகன்களுக்கும் திரும்பும் வழி கிடைத்துவிட்டது என்று அவருக்குப் பட்டது.

நான் அந்தக் கம்பளியைப் பொத்தென்று கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் பதுளைக்கு நடந்தேன். அஞ்சலை கம்பளியை எடுத்துக்கொண்டு திருப்பம் வரைக்கும் பின்னால் ஓடி வந்தாள். "சின்னண்ணே, குளிரும்ணே" என்றாள்.

6

கொழும்பு இடம் அந்த வருஷம் கிடைக்கவில்லை. விண்ணப்பதாரன் வேறு யாருக்காவது வேலை செய்யக் கடமைப்பட்டவனா என்று கேட்டிருந்தார்கள். பொய் எழுத வாத்தியாருக்கு மனமில்லை, எனக்கும் இல்லை. என் இடத்துக்கு வேறொரு பையன் போனான். நான் இப்போது பள்ளிக்கூடத்திலேயே தங்கிச் சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிறேன். காலையில் கரும்பலகை துடைக்கிறேன். மத்தியானம் தோட்டத்து ஆட்களுக்குக் கடுதாசிகள் எழுதிக் கொடுக்கிறேன். பெரட்டுக்கு வராத ஆள் என்று என் மேல் புகார் எழாமல் இருக்க, எனக்குப் பதில் அஞ்சலை முழுப்பேரில், நாள் முழுவதும் நின்று, வேலை செய்கிறாள். அவள் என்னிடம் இப்போது 'ஓம்' என்று சொல்லிப் பரிகாசம் செய்வதில்லை. நான் சொன்னாலும் கேட்காதது போல இருந்துவிடுகிறாள்.

செல்லையா வாத்தியார் வகுப்பில் இந்த வருஷமும் ஒரு சாஸ்திரக் கதை நடக்கிறது. பின்வரிசையில் நின்று கேட்கிறேன். அந்தக் கதைகளின் மேல் எனக்கு ஆசை போகவில்லை. ஆனால் இப்போது வேறு மாதிரிக் கேட்கிறேன். எந்திரம் எப்படி ஓடுகிறது, சந்திரனில் காற்று உண்டா, செவ்வாயில் நீர் உண்டா என்று எவ்வளவோ நுட்பமாக எழுதுகிறார்கள். கூட்டிக்கொண்டு வந்தவனுக்கு மறுநாள் சாப்பிட என்ன கொடுத்தார்கள், அவன் யாரைக் கூப்பிட்டு அழுதான், அவன் பாஷையில் பேச அங்கே இன்னொருவர் இருந்தாரா என்று ஒருவரும் எழுதுவதில்லை. அந்த மனிதரும் மனைவியும் ஒருவேளை உண்மையிலேயே சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போனதை நானும் பார்க்கவில்லை. நான் எழுதிய பெரட்டு வியாசத்தை வாத்தியாரிடமிருந்து திருப்பிக் கேட்டு வாங்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

கார்த்திகையில் வாத்தியார் மறுபடி என் பெயரை அனுப்பினார். இந்தத் தடவை கடன் தீர்ந்த சீட்டு இருந்தால் இடம் நிச்சயம் என்று கொழும்பிலிருந்து பதில் வந்தது. அந்தக் காகிதத்தை நான் அய்யாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து, பெரிய கங்காணி வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பெரிய கங்காணி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அன்று நல்ல மனநிலையில் இருந்தார்.

"சின்னவன் பேருக்கு உள்ளத மட்டும் கட்டிட்டு எடுத்துட்டுப் போய்யா. பெரிய தொகையா அது? கம்பளிக்கும் அரிசிக்கும்தான்."

"பெரியவன் கணக்குங்க?"

"அத விடு. வருசம் போயிருச்சு. தொரைகிட்டச் சொல்லி 'செத்தான்'னு எழுதித் தள்ளிருவோம். ஒனக்கும் மிச்சம், எனக்கும் ஒரு தொல்ல விட்டுச்சு. நல்ல சமயம், சொல்றேன் கேளு."

அந்த வார்த்தையை அய்யா பற்றிக்கொள்ள வேண்டும் என்று வேண்டினேன் என்பதே உண்மை. சின்னத் தொகை, சீட்டு, கொழும்பு. பிறகு யாருக்கும் பாரமில்லை.

அய்யா கங்காணியைப் பார்த்தபடி நின்றார். "செத்தான்னு எழுதுனா, அப்புறம் அவன் வந்து நின்னா யாருன்னு சேப்பீங்க?"

"வந்தாப் பாத்துக்கலாம்யா."

"இல்லீங்க. ரெண்டையும் நான் கட்டுறேன். அவன் பேர அடிக்காதீங்க. கடன் இல்லைன்னு மட்டும் எழுதுங்க. உசிரோட இருக்கான்னே இருக்கட்டும்."

கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். நீ படித்தவனாயிற்றே, சொல்லேன் என்பது போல. நான் வாயைத் திறந்தேன். அய்யாவின் கை என் முழங்கையைத் தொட்டது. மூடிக்கொண்டேன்.

சித்தப்பா, அத்தை, நீங்கள் யாராவது இதைப் படிக்கக் கேட்பீர்களென்றால் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊரோடு வந்து சேர்வதற்காக அய்யாவும் ஆத்தாவும் பல வருஷமாகப் பணம் சேர்த்து வைத்திருந்தார்கள். கப்பலுக்கும் ரயிலுக்கும், வந்து இறங்கியதும் ஒரு குடிசை போட்டுக்கொள்வதற்கும். வருகிற சித்திரையில் வந்துவிடுவோம் என்று நானே உங்களுக்கு எழுதியிருந்தேன். அந்தச் சித்திரை இல்லை. அதற்கடுத்ததும் இராது என்று நினைக்கிறேன். அந்தப் பணத்தை ஆத்தா சேலை முந்தியில் முடிந்து கொண்டுவந்து, கங்காணி வீட்டு வாசலில் அவிழ்த்து எண்ணினாள். போதவில்லை. மீதிக்கு அஞ்சலை பெயரில் எழுதிக்கொண்டார்கள். அவளுக்கும் அன்று ஒரு கம்பளி கொடுத்தார்கள்.

மாசியில் நான் கொழும்புக்குப் போகிறேன். இரண்டு சீட்டுகள் கையில் கிடைத்தன. ஒன்று எனக்கு. மற்றதை ஆத்தா பூட்டாத அறைக்குள் கூரைக் கம்பில் செருகி வைத்திருக்கிறாள். எங்கள் தோட்டத்தில் நாள் முழுக்க வேலை செய்த ஆணுக்கு ஒரு ரூபாயில் மூன்றில் ஒரு பங்கு கூலி. எனக்கென்று பதிந்தது பதினொரு ரூபாய். அண்ணனுக்கு நின்றது எண்பத்தாறு. இரண்டும் சேர்த்துத் தொண்ணூற்றேழு ரூபாய்.